இரண்டாவது கேபிள்

“நல்லா இருக்கு தம்பி. கிட்டார் யாரு வாசிச்சது?”

அண்ணன் இதைக் கேட்டபோது ஹெட்போனை இன்னும் கழற்றவில்லை. பாட்டு முடிந்து அரை நிமிடம் ஆகியிருக்கும். விளையாடுகிறார் என்று நினைத்துச் சிரித்தேன். வாசித்தது அவர்தான். மூன்று வாரத்துக்கு முன்னால், அதே அறையில், அதே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து வாசித்தார். “நீங்கதான் அண்ணே” என்றேன். “ஓ” என்றார். அப்புறம் டீ குடித்தார், ஜன்னல் வழியாக மழை வருமா என்று பார்த்தார், வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

கேலியாகக் கேட்டாரா, உண்மையிலேயே தெரியாமல் கேட்டாரா என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது. கேலி என்றால் என்மேல் கோபம், அவ்வளவுதான், தாங்கிக்கொள்ளலாம். தெரியாமல் கேட்டிருந்தால்தான் பயமாக இருக்கிறது. ஒரு மனிதருக்குத் தன் கை தனக்கே அடையாளம் தெரியாதபடி நான் என்ன செய்து வைத்திருக்கிறேன்?

அவரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். திருச்சியில் முப்பது வருடம் லைட் மியூசிக் மேடைகளில் கிட்டார் வாசித்தவர். கோயில் திருவிழா, கல்யாண ரிசப்ஷன், கட்சிக் கூட்டம் தொடங்குவதற்கு முன்னால் கூட்டம் சேர்க்கிற கச்சேரி, எல்லாம். லைட் மியூசிக் கிட்டாரிஸ்டின் வேலை என்ன என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். ரெக்கார்டில் இருப்பதை அப்படியே வாசிக்க வேண்டும். 1982-இல் வந்த ‘இளைய நிலா’வின் கிட்டாரை ஒரு ஸ்வரம் மாற்றி வாசித்தால் கடைசி வரிசையில் நிற்கிறவர்கூடக் கண்டுபிடித்துவிடுவார். அப்படி முப்பது வருடம் அடுத்தவர்கள் வாசித்ததை வாசித்தவரிடம், “என் பாட்டுக்கு உங்க இஷ்டத்துக்கு ஏதாவது வாசிங்கண்ணே” என்று நான் கேட்டேன். அவர் உடனே பதில் சொல்லவில்லை. இரண்டு நாள் கழித்துப் போன் செய்து, “பெடலையும் எடுத்துட்டு வரலாம்ல?” என்று கேட்டார்.

அந்தப் பெடல் ஒரு பழைய அனலாக் டிலே. வாசித்த ஒலியைக் கொஞ்ச நேரம் பிடித்து வைத்து எதிரொலியாகத் திருப்பித் தரும் டப்பா. மூன்று குமிழ்கள், ஒரு மிதி சுவிட்ச். பெயின்ட் உரிந்து உள்ளே இருக்கிற உலோகம் தெரியும். இந்த வகைப் பெடலுக்குள் இருக்கும் சிப்பை 1969-இல் பிலிப்ஸ் ஆய்வகத்தில் சாங்ஸ்டர், டீர் என்ற இருவர் வடிவமைத்தார்கள். அது வேலை செய்கிற விதம் நம் ஊரில் தீப்பிடித்தால் கிணற்றடியிலிருந்து வரிசையாக நின்று வாளி கைமாற்றுவோமே, அதேதான். கிட்டாரிலிருந்து வரும் மின்னழுத்தத்தை ஒரு கெப்பாசிட்டர் அடுத்ததற்குத் தரும், அது அடுத்ததற்கு. இப்படி ஆயிரக்கணக்கான கைகள். வாளி கடைசிக்குப் போய்ச் சேரும்போது நேரம் ஆகியிருக்கும். தண்ணீரும் கொஞ்சம் சிந்தியிருக்கும். அதனால்தான் அனலாக் டிலேயில் எதிரொலி திரும்பத் திரும்ப வரவர மங்கிக்கொண்டே போகிறது. டிஜிட்டல் டிலே அப்படியில்லை. அதில் பத்தாவது எதிரொலியும் முதலாவதின் அச்சு அசல் நகலாக இருக்க முடியும், ஒலி அளவு மட்டும்தான் குறையும்.

என்னிடம் இருப்பது எட்டு டிராக் டிஜிட்டல் ரெக்கார்டர். கம்ப்யூட்டர் இல்லாமலே எஸ்டி கார்டில் பதியும். ஒரே நேரத்தில் இரண்டு இன்புட். வீட்டில் பதிகிற எல்லாருக்கும் முதல் நாளே வருகிற கேள்வி ஒன்று உண்டு: பெடலோடு சேர்த்துப் பதிவதா, பெடல் இல்லாமல் கிட்டாரை மட்டும் பதிந்துவிட்டு அப்புறம் எஃபெக்ட் போட்டுக்கொள்வதா? முதலாவதை வெட் என்பார்கள், இரண்டாவதை டிரை. ஈரம், காய்ச்சல் என்று தமிழில் சொல்லிப் பார்த்தேன், காய்ச்சல் சரியாக வரவில்லை.

வெட்டாகப் பதிந்தால் பதிந்தது பதிந்ததுதான். எதிரொலி அதிகம் என்று பிறகு தோன்றினால் எடுக்க முடியாது. சோற்றில் உப்பு போட்டுக் கொதிக்க வைத்துவிட்ட மாதிரி. டிரையாகப் பதிந்தால் உப்பு இலை ஓரத்தில் இருக்கிறது, வேண்டுமானால் தொட்டுக்கொள்ளலாம். பின்னால் அந்த டிரை டிராக்கை மறுபடி வெளியே அனுப்பி, ஒரு நிஜப் பெடலுக்குள்ளோ ஆம்ப்ளிஃபயருக்குள்ளோ நுழைத்துத் திரும்பப் பதிந்துகொள்ளலாம். ரீ-ஆம்ப் என்று இதற்குப் பெயர். ரெக்கார்டரின் அவுட்புட் கிட்டாரைவிடப் பலமானது; அதைக் கிட்டார் அளவுக்குக் குறைத்துத் தர ஒரு சின்னப் பெட்டி வேண்டும். ஜோ சாட்ரியானியின் ஒலிப்பதிவாளர் ஜான் குனிபெர்ட்டி 1990களில் அப்படி ஒன்றைச் செய்து விற்றார், பெயரும் அப்படியே நிலைத்துவிட்டது. பெட்டி இல்லாவிட்டாலும் பரவாயில்லை, ரெக்கார்டருக்குள்ளேயே எல்லா எஃபெக்டும் இருக்கிறது.

எனவே புத்திசாலிகள் சொல்வது: எப்போதும் ஒரு டிரை டிராக் வைத்துக்கொள். இடமும் செலவில்லை. 44.1 கிலோஹெர்ட்ஸ், 16 பிட்டில் ஒரு டிராக் நிமிடத்துக்கு 5 எம்பியைச் சற்றுத் தாண்டும். 32 ஜிபி கார்டில் நூறு மணி நேரம். நூறு மணி நேரத்தில் ஒரு நாலு நிமிஷம் யாருக்குத் தெரியப் போகிறது.

அண்ணன் வந்த அன்று நான் கிட்டாருக்கும் பெடலுக்கும் நடுவில் ஒரு ஸ்ப்ளிட்டரை வைத்தேன். ஒரு கேபிள் அவருடைய பெடலுக்குப் போய், அங்கிருந்து இரண்டாவது இன்புட்டுக்கு. இன்னொரு கேபிள் நேராக முதல் இன்புட்டுக்கு. அவர் குனிந்து பார்த்தார்.

“ரெண்டு கேபிள் எதுக்கு தம்பி?”

“ஒண்ணு பேக்கப்புக்குண்ணே.”

“சரி சரி.”

அவர் காதுக்கு நான் அனுப்பியது பெடல் வழியாக வந்ததை மட்டும். அதைக் கேட்டுத்தான் வாசித்தார். ஃபேனை நிறுத்தச் சொன்னேன், எலக்ட்ரானிக் ரெகுலேட்டர் இரைச்சல் பிக்கப்பில் ஏறும் என்பதற்காக. வியர்த்து ஊற்ற ஊற்ற நான்கு டேக் கொடுத்தார். நான்காவதுதான் பாட்டில் இருக்கிறது. இருக்கிறது என்று சொல்லலாமா என்பதுதான் பிரச்சினை.

அன்று ராத்திரியே வெட் டிராக்கைக் கேட்டேன். அடிநாதமாக ஒரு ஹம். அவருடைய மலிவான 9 வோல்ட் அடாப்டர், மூன்றாவது முனை இல்லாத என் பிளக் பாயின்ட் இரண்டும் சேர்ந்து தந்த பரிசு. பழைய பெடலின் ‘ஸ்ஸ்’ வேறு. எதிரொலி பாடகியின் வரிகள் மேல் போய் விழுந்தது. எனக்குக் காரணம் இருந்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன், நான் வேண்டுமென்று வில்லத்தனம் செய்யவில்லை. டிரை டிராக்கைத் திறந்தேன். சுத்தமாக இருந்தது. ரெக்கார்டரில் இருந்த டிஜிட்டல் டிலேயைப் போட்டேன். பாட்டு நிமிடத்துக்கு 100 தட்டு, ஒரு தட்டு 600 மில்லிசெகண்ட், பாதி 300. டிலேயைச் சரியாக 300 என்று வைத்தேன்.

வைத்ததும் அண்ணன் தாளத்துக்குப் பின்னால் இழுத்து வாசிக்கிற மாதிரி கேட்டது. ஒவ்வொரு சொற்றொடரும் ஒரு மயிரிழை தாமதம். வயசாயிடுச்சு, பாவம், என்று நினைத்தேன். உண்மையாகவே அப்படித்தான் நினைத்தேன், மறைக்க விரும்பவில்லை. கார்டைக் கழற்றி லேப்டாப்பில் போட்டு, ஒவ்வொரு ஸ்வரத்தையும் வெட்டி, தாளத்தின் மேல் நகர்த்தி வைத்தேன். இரண்டு இரவு ஆயிற்று. சொற்றொடர்களின் முடிவில் சில இடங்கள் மொட்டையாக நின்றன. முடிய வேண்டிய ஸ்வரத்தை அவர் வாசிக்காமலே விட்டிருந்தார். வேறு இடத்திலிருந்து நகலெடுத்து அங்கே ஒட்டினேன். “நல்லா இருக்கு” என்று அவர் சொன்ன அன்றைக்கே இணையத்தில் ஏற்றினேன். கிட்டார் என்று எழுதி அவர் பெயரைப் போட்டேன். ஊரில் நாலு பேர் கேட்டுவிட்டுக் கிட்டார் பிரமாதம் என்றார்கள். என் பாட்டுக்குக் கிடைத்த பாராட்டுகளிலேயே அதுதான் அதிகம்.

பல மாதம் கழித்து வேறு எதற்கோ அந்தக் கார்டைத் தேடி எடுத்தபோது வெட் டிராக்கை மறுபடி கேட்டேன். இம்முறை பாட்டோடு சேர்த்துக் கேட்காமல் தனியாக. அப்போதுதான் அளந்து பார்த்தேன். அவருடைய பெடலில் டிலே 300 இல்லை. சுமார் 285. அந்தக் குமிழில் எண் எதுவும் கிடையாது, காதால் திருப்பி வைத்தது. எதிரொலி பதினைந்து மில்லிசெகண்ட் சீக்கிரமே வந்துவிடுகிறது. அதை அவர் வாசிக்க ஆரம்பித்த சில நொடிகளிலேயே உணர்ந்திருக்க வேண்டும். அதற்கு ஏற்றபடி தன் ஸ்வரத்தைப் பதினைந்து மில்லிசெகண்ட் தாமதமாக வைத்திருக்கிறார், எதிரொலி மிகச் சரியாகத் தாளத்தில் விழும்படி. அவர் தாளத்தில்தான் இருந்தார். அவருடைய தாளம் எதிரொலியில் இருந்தது. கை கொஞ்சம் பின்னால் நின்று அதற்கு வழி விட்டது. மொட்டையாக நின்றதே சில இடங்கள், அங்கெல்லாம் கடைசி ஸ்வரத்தை வாசித்தது பெடல். அவர் கையை எடுத்துவிட்டு அதற்கு இடம் கொடுத்திருந்தார்.

போனில் பேசுகிற ஒருவரின் ஒரு பக்கப் பேச்சை மட்டும் பஸ்ஸில் கேட்டிருப்பீர்கள். “ஆமா… இல்ல இல்ல… அதான் சொன்னேனே…” நடுவில் பெரிய பெரிய இடைவெளி. டிரை டிராக் என்று நான் வைத்திருந்தது அதுதான். நான் என்ன செய்தேன்? எதிர்முனையில் இருந்தவரை அழித்துவிட்டு, அந்த இடத்தில் வேறொருவர் குரலைப் போட்டு, பிறகு இவர் ஏன் சம்பந்தமில்லாமல் பேசுகிறார் என்று யோசித்து, இவருடைய வாக்கியங்களையும் திருத்திவிட்டேன்.

உப்பு உவமையை மேலே எழுதினேன் அல்லவா? அதுதான் என்னை ஏமாற்றியது. எஃபெக்ட் என்பது பிறகு சேர்ப்பது, கிட்டார்தான் அசல், டிரை டிராக்தான் உண்மையான வாசிப்பு என்ற எண்ணம் அதற்குள் ஒளிந்திருக்கிறது. ‘டிரை’, ‘கிளீன்’, ‘ரா’ போன்ற சொற்களே அதைச் சொல்லிக்கொண்டிருக்கின்றன. உடம்பு உள்ளே இருக்கிறது, எஃபெக்ட் சட்டை. சட்டையை மாற்றினால் ஆள் மாறுவானா? ஆனால் வாசிக்கிறவர் காதில் விழுவது சட்டை போட்ட ஒலிதான், அதற்குத்தான் அவர் விரல் பதில் சொல்கிறது. ஓவர்டிரைவ் பெடலை மிதித்தவுடன் எந்தக் கிட்டாரிஸ்டும் வலது கையை லேசாக்குவார், ஏனென்றால் மெதுவாகத் தொட்டாலே ஸ்வரம் நீண்டு நிற்கும். அந்த மென்மை டிரை டிராக்கில் பலவீனமாகக் கேட்கும். நாதஸ்வரக்காரர் வாசிப்பைத் தனியாகப் பதிந்துவிட்டு, ஒத்தின் சுருதியைப் பிறகு அரை ஸ்வரம் ஏற்றி வைத்தால் என்ன ஆகும்? ஒத்து ஊதுகிறவர் ஒரே ஸ்வரத்தைத்தானே பிடித்துக்கொண்டிருக்கிறார், அதை மாற்றினால் என்ன என்று யாராவது கேட்பார்களா?

‘இட் மைட் கெட் லவுட்’ என்று 2008-இல் வந்த ஆவணப்படத்தில் யு2வின் கிட்டாரிஸ்ட் தி எட்ஜ், தன்னுடைய ஒரு ரிஃபை எஃபெக்டோடு வாசித்துக் காட்டிவிட்டு, எஃபெக்டை நிறுத்திவிட்டு அதையே வாசிப்பார். மலை மாதிரி இருந்தது மணல் மேடு ஆகிவிடும். பார்க்கிற எல்லாரும் சிரிப்பார்கள், நானும் சிரித்தேன். அவ்வளவுதானா இந்த ஆள், எல்லாம் டப்பா செய்கிற வேலையா? இப்போது பார்த்தால் அந்தச் சிரிப்பு தப்பு என்று தோன்றுகிறது. அவ்வளவு குறைவாக வாசித்தால் போதும் என்று அறிவதற்குத்தான் அந்த ஆள் வேண்டியிருந்தது.

தத்துவத்தில் இதைப் பற்றிப் பேசியிருக்கிறார்கள். நெல்சன் குட்மன் 1968-இல் கலைகளை இரண்டாகப் பிரித்தார். ஓவியம் ஒரு வகை. அதில் கை முக்கியம், எவ்வளவு துல்லியமான நகலும் போலிதான். இசை இன்னொரு வகை. ஸ்வரக் குறிப்பைப் பின்பற்றி யார் வாசித்தாலும் அதே படைப்புதான், அதற்குப் போலி கிடையாது. குட்மன் மனதில் இருந்தது மேற்கத்திய சாஸ்திரிய சங்கீதம். ராக் இசையில் படைப்பு என்பது பாட்டுமல்ல, கச்சேரியுமல்ல, பதிவான டிராக்தான் என்று தியடோர் கிரேசிக் 1996-இல் ஒரு புத்தகத்தில் வாதிட்டார். எனக்கு இது பிடித்த வாதம். ஆனால் இதைப் பிடித்துக்கொண்டு நான் தப்பித்துவிடவும் முடியும் என்பதைக் கவனியுங்கள். டிராக்தான் படைப்பு, டிராக்கைச் செய்தவன் நான், அண்ணன் எனக்குக் கச்சாப் பொருள் கொடுத்தவர். முடிந்தது கதை. மர வியாபாரிக்கு நாற்காலியின் வடிவத்தில் என்ன உரிமை?

என் நண்பர்களில் ஒலிப்பதிவு தெரிந்தவர்கள் எல்லாரும் கிட்டத்தட்ட இதைத்தான் சொன்னார்கள். “இண்டஸ்ட்ரியில தினமும் நடக்குறதுடா இது. வாசிச்சிட்டு காசு வாங்கிட்டுப் போனா, அப்புறம் டைரக்டர் தூக்கிப் போட்டாக்கூட கேக்க முடியாது.” சரிதான். சினிமாவில் நடிகர் அழுத காட்சியை எடிட்டர் வெட்டுகிறார், யாரும் அதைத் துரோகம் என்பதில்லை. ஆனால் அந்த நடிகருக்கு எடிட்டர் என்று ஒருவர் இருப்பது தெரியும். அண்ணனுக்குத் தெரிந்ததெல்லாம் பேக்கப் என்ற ஒரு சொல். ஒரிஜினல் கெட்டுப்போனால் காப்பாற்றுவதற்குத்தான் பேக்கப். அவர் சம்மதித்தது அதற்கு. நான் சொன்னது பொய்யில்லை, அந்த நிமிடத்தில் எனக்கே அவ்வளவுதான் தெரியும் என்றுகூட வாதாடலாம். ஒரு பொருளைப் பத்திரமாக வைத்திருக்கச் சொல்லி வாங்கிவிட்டு, பத்திரமாக இருக்கிறதே என்பதற்காகவே பயன்படுத்த ஆரம்பிப்பது. அடகுக் கடைக்காரர் நகையைப் போட்டுக்கொண்டு கல்யாணத்துக்குப் போகிற மாதிரி.

புகழ்பெற்ற சம்பவங்களில் எனக்கு விடை கிடைக்குமா என்று தேடினேன். ஒன்றும் ஒத்துவரவில்லை, ஆனால் ஒவ்வொன்றும் கொஞ்சம் குழப்பியது.

1970-இல் பீட்டில்ஸின் ‘தி லாங் அண்ட் வைண்டிங் ரோடு’ பாட்டின்மேல் ஃபில் ஸ்பெக்டர் ஒரு ஆர்கெஸ்ட்ராவையும் பெண்கள் கோரஸையும் ஏற்றினார். எழுதிப் பாடிய பால் மெக்கார்ட்னியிடம் கேட்கவில்லை. அவர் எதிர்த்துக் கடிதம் எழுதினார், பலனில்லை. பாட்டு அமெரிக்காவில் முதலிடம் பிடித்தது. பிறகு இசைக்குழுவைச் சட்டப்படி கலைக்க அவர் நீதிமன்றம் போனபோது இதுவும் ஒரு காரணமாகச் சொல்லப்பட்டது. 2003-இல்தான் அந்த அலங்காரம் இல்லாத ஆல்பம் வெளிவந்தது. அதே மெக்கார்ட்னி 2023-இல் என்ன செய்தார்? ஜான் லெனன் 1970களின் இறுதியில் நியூயார்க் வீட்டில் பியானோவோடு பாடிக் கேசட்டில் பதிந்து வைத்த ‘நவ் அண்ட் தென்’ டெமோவிலிருந்து மென்பொருளால் குரலை மட்டும் பிரித்தெடுத்து, மேலே புதிதாக வாசித்து, பீட்டில்ஸ் பாட்டாக வெளியிட்டார். 1995-இல் ஒருமுறை முயன்று கைவிட்ட பாட்டு அது. அந்தக் கேசட்டிலும் ஹம் ஒரு தொல்லை, ஆறுதலாக இருந்தது எனக்கு. 2001-இல் இறந்துபோன ஜார்ஜ் ஹாரிசனின் பாணியில் ஸ்லைடு கிட்டாரையும் மெக்கார்ட்னியே வாசித்தார். லெனனைக் கேட்க வழியில்லை. மெக்கார்ட்னி இரட்டை வேடம் போட்டார் என்று நான் சொல்லவில்லை. கேட்கக்கூடிய இடத்தில் இருந்தவரிடம் கேட்காமல் இருந்ததும், இல்லாதவரிடம் கேட்க முடியாமல் போனதும் ஒன்றல்ல. அண்ணன் என் வீட்டிலிருந்து நாலு கிலோமீட்டரில் இருக்கிறார்.

என்னை அதிகம் தொந்தரவு செய்தது ‘சாட்டிஸ்ஃபேக்‌ஷன்’ கதை. 1965-இல் கீத் ரிச்சர்ட்ஸ் அந்த ரிஃபை ஃபஸ் பெடலில் வாசித்தது ஒரு மாதிரிக்காக. அந்த இடத்தில் பின்னால் டிரம்பெட், சாக்ஸஃபோன் எல்லாம் வரவேண்டும் என்பது அவர் எண்ணம். மற்றவர்கள் இதுவே போதும் என்று வெளியிட்டுவிட்டார்கள். அவர் கேட்டிருந்த மாதிரி ஊது வாத்தியங்களோடு அதே வருடம் ஓடிஸ் ரெட்டிங் பாடினார். கேட்டுப் பாருங்கள், அதுவும் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் உலகம் ஞாபகம் வைத்திருப்பது அந்த ஃபஸ்ஸை. வாசித்தவருக்கு உடன்பாடில்லாமல் வெளியான ஒலி, வாசித்தவரையும் சேர்த்து எல்லாருக்கும் நல்லதாகவே முடிந்தது. அப்படியென்றால் “நல்லா இருக்கே” என்பதற்கு ஏதாவது மதிப்பு உண்டா? என் பாட்டும் நன்றாகத்தான் இருக்கிறது. உண்மையில் வெட் டிராக்கோடு இருப்பதைவிட இப்போதுதான் பாட்டாக இருக்கிறது.

இங்கே நான் நீண்ட நாள் சிக்கிக் கிடந்தேன். இரண்டு கேள்விகளை ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொண்டிருக்கிறேன் என்று பிறகு புரிந்தது. பாட்டு நன்றாக இருக்கிறதா என்பது ஒரு கேள்வி. அதில் இருக்கிற கிட்டார் யாருடையது என்பது வேறு கேள்வி. முதலாவதற்கு வந்த நல்ல பதிலை எடுத்து இரண்டாவதின் வாயை அடைத்துக்கொண்டிருந்தேன். கீத் ரிச்சர்ட்ஸுக்கு நேர்ந்தது முதல் வகைத் தகராறு. ஒலி எப்படி இருக்க வேண்டும் என்பதில் அவர் தோற்றார், ஆனால் அதில் கேட்பது அவர் மிதித்த பெடல், அவர் அடித்த ஸ்வரம். ஒரு மில்லிசெகண்டைக்கூட யாரும் நகர்த்தவில்லை.

புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் 1982 ஜனவரியில் நியூஜெர்சியில் வீட்டு அறையில் நான்கு டிராக் கேசட் ரெக்கார்டரில் ‘நெப்ராஸ்கா’வைப் பதிந்தார். டெமோதான். எக்கோப்ளெக்ஸ் என்ற டேப் எதிரொலிக் கருவி வழியாக அனுப்பி, ஒரு சாதாரணக் கேசட் பிளேயரில் இறக்கினார். பிறகு முழு இசைக்குழுவோடு ஸ்டூடியோவில் அதே பாட்டுகளை வாசித்துப் பார்த்தார், எதுவும் அந்தக் கேசட் அருகில் வரவில்லை. உறைகூட இல்லாமல் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு திரிந்த கேசட்டையே ஆல்பமாக்கினார்கள். வீட்டில் பதிகிறவர்களுக்கு இது புராணக் கதை. இரைச்சலுக்குள் இருந்த ஏதோ ஒன்றுக்காகச் சுத்தத்தை விட்டுக்கொடுத்தார்கள் என்று சொல்வோம். நானும் பலரிடம் சொல்லியிருக்கிறேன். என் கையில் அதே நிலைமை வந்தபோது ஹம்முக்குப் பயந்து ஓடினேன்.

தப்பு எங்கே ஆரம்பித்தது என்று யோசிப்பேன். ஸ்ப்ளிட்டர் வைத்ததிலா? இல்லை என்றுதான் இன்னும் நினைக்கிறேன். பெடல் நடுவில் செத்துப்போயிருந்தால் அந்த டிரை டிராக்கை அவரிடமே காட்டி, “அண்ணே இதாவது இருக்கு” என்று சொல்லியிருப்பேன், அவரும் சந்தோஷப்பட்டிருப்பார். டிலேயை மாற்றியதிலா? அதைக்கூட ஒரு போன் போட்டுக் கேட்டிருந்தால் சரி செய்துவிடலாம். ஸ்வரங்களை நகர்த்திய இரண்டு இரவுகள்தான் எனக்கு நெருடுகிறது. அப்போது என் காதில் அவர் வயசானவராக இருந்தார். அவர் பின்தங்குகிறார் என்று எனக்குத் தோன்றியதும், ஏன் என்று கேட்கத் தோன்றவில்லை. முப்பது வருடம் மேடையில் டிரம்ஸுக்கு ஒட்டி வாசித்தவர் எப்படி எல்லா ஸ்வரத்திலும் சரியாக ஒரே அளவு தாமதமாவார்? தடுமாற்றம் என்றால் கூடக்குறைய இருக்காதா? ஸ்கிரீனில் அந்த ஒழுங்கு கண் முன்னால் தெரிந்தது. அதைத் திறமைக் குறைவு என்று படித்தேன். ஓலைச்சுவடியில் புரியாத சொல் வந்தால் பிழை என்று அடித்துவிட்டுத் தனக்குத் தெரிந்த சொல்லை எழுதிவிடுகிறவரைப் பதிப்பாசிரியர் என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

கடைசியில் வெட் டிராக்கை வைத்துப் புதிதாக ஒரு மிக்ஸ் செய்தேன். ஹம்மை முடிந்த அளவு குறைத்தேன், பாடகியின் குரலை எதிரொலிக்குக் கொஞ்சம் மேலே ஏற்றினேன். அவர் வைத்த இடத்தில் எல்லா ஸ்வரமும் இருந்தது. எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். நடந்ததை ஆரம்பத்திலிருந்து சொன்னேன், 285 கணக்கு உட்பட. அவர் இடைமறிக்கவில்லை. ஹெட்போனை மாட்டிக்கொண்டு முழுதாகக் கேட்டார்.

“இதுல ஹம் இருக்கே தம்பி.”

“ஆமாண்ணே. உங்க அடாப்டர்.”

“அது அப்பவே சொல்லிருக்கலாம்ல, பேட்டரி போட்டிருப்பேன்.”

அது எனக்குத் தோன்றவே இல்லை. ஒரு 9 வோல்ட் பேட்டரி. எந்தக் கடையிலும் கிடைக்கும்.

பழைய மிக்ஸை எடுத்துவிட்டு இதை ஏற்றட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்றார். எனக்குக் கேட்ட மாதிரி இல்லையோ என்று மறுபடி கேட்டேன்.

“எதுக்கு எடுக்கணும்? அது நல்லா இருக்கு. பாட்டுக்கு அதான் சரி. பாப்பா குரலு தெளிவா கேக்குது. இது…” என்று ஹெட்போனைத் தொட்டுக் காட்டினார். “இது நான் வாசிச்சது, எனக்குப் புடிக்கும். பாட்டு உன்னோடது. நீ அத வச்சுக்க.”

அப்பாடா என்று இருந்தது. ஒரு நிமிடம்தான் இருக்கும்.

“ஆனா என் பேர எடுத்துரு.”

கோபமாகச் சொல்லவில்லை. மின்சாரக் கட்டணத்தில் தப்பான பெயர் வந்திருக்கிறது, மாத்திடு என்கிற மாதிரி சொன்னார். நான் ஏதோ சமாதானம் சொல்லப் பார்த்தேன், கை உங்களுதுதானே என்கிற மாதிரி. “இருக்கட்டும். ஆனா அத யாராவது மேடையில வாசிக்கச் சொன்னா எனக்கு வாசிக்க வராது தம்பி” என்றார். அவருடைய மனைவி முறுக்கு கொண்டுவந்து வைத்தார். பேச்சு வேறு பக்கம் போய்விட்டது.

அன்று இரவு பாட்டின் பக்கத்தைத் திறந்து அவர் பெயரை அழித்தேன். எழுதியது, பாடியது, பதிவு என்று மூன்று வரியும் பெயரோடு இருக்கின்றன. கிட்டார் என்ற வரிக்குப் பக்கத்தில் என்ன போடுவது? என் பெயரைப் போட முடியாது, ஒரு ஸ்வரம்கூட நான் வாசிக்கவில்லை. வரியையே எடுத்துவிடலாம் என்றால் பாட்டு முழுக்கக் கிட்டார் கேட்கிறது. போன வாரம் ஒருவர், கிட்டார் யார் வாசித்தது என்று கீழே கேட்டிருந்தார். இன்னும் பதில் எழுதவில்லை.